தங்க மின்முனை: பரப்புத் தகைவு வரைபடத்தில் உச்சம் ஏன் வரவில்லை?

கேள்வி (ஆய்வு மாணவி):

வணக்கம். 150 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிச் சில்லின் ஒரு பக்கத்தில் மட்டும் 100 நானோமீட்டர் தங்கத்தைப் படியவைத்து, ஒரு முனையை இறுகப் பற்றி, நீர்த்த பெர்குளோரிக் அமிலத்தில் மின்முனையாகப் பயன்படுத்துகிறேன். மின்னழுத்தத்தை மாற்றும்போது சில்லு வளைவதை லேசர் புள்ளியின் நகர்வால் அளந்து, ஸ்டோனி சமன்பாட்டின் (வளைவிலிருந்து தகைவைக் கணிக்கும் சூத்திரம்) மூலம் பரப்புத் தகைவின், அதாவது பரப்பில் செயல்படும் இழுவிசையின், மாற்றத்தைக் கணக்கிடுகிறேன். பாதரசத்தைப் போலவே சுழி மின்னூட்ட அழுத்தத்தில் (பரப்பில் மின்னூட்டமே இல்லாத மின்னழுத்தத்தில்) உச்சம் கொண்ட பரவளைவை எதிர்பார்த்தேன். ஆனால் மின்னழுத்தம் நேர்த்திசையில் ஏற ஏறத் தகைவு ஒரே போக்கில் இறங்குகிறது. அத்துடன் ஒவ்வொரு சுற்றிலும் கோடு சிறிது விலகிக்கொண்டே போகிறது. கருவியில் கோளாறா, என் எதிர்பார்ப்பே பொருந்தாததா?

பதில் 1 (மின்வேதியியல் ஆசிரியர்):

உச்சம் வராததற்குக் கருவி காரணமல்ல. மின்னழுத்தத்தைப் பொறுத்த சரிவை மின்னூட்ட அடர்த்தியே தீர்மானிக்கிறது என்று லிப்மன் 1875இல் தந்த தொடர்பு பரப்பு இழுவிசைக்கு, அதாவது புதிய பரப்பை உருவாக்கத் தேவைப்படும் ஆற்றலுக்கு, உரியது. பாதரசம் திரவம்; அதை இழுத்தால் உள்ளிருந்து அணுக்கள் மேலே வந்து பரப்பை நிரப்பிவிடுவதால், அங்கே பரப்பு ஆற்றலும் பரப்புத் தகைவும் ஒன்றே. திண்மத்தை இழுக்கும்போது ஏற்கெனவே மேலே இருக்கும் அணுக்களின் இடைவெளிதான் விரிகிறது. ஆகவே, 1950இல் ஷட்டில்வொர்த் காட்டியபடி, தகைவு என்பது பரப்பு ஆற்றலும், திரிபுடன் (இழுப்பதால் நேரும் நீட்சியுடன்) அந்த ஆற்றல் மாறும் வீதமும் சேர்ந்த தொகை.

உங்கள் சில்லு அளப்பது இந்தத் தொகையை. மின்னழுத்தத்தைப் பொறுத்து அதன் சரிவில் மின்னூட்ட அடர்த்தியுடன், திரிபால் அந்த அடர்த்தி மாறும் வீதமும் சேர்கிறது. சுழி மின்னூட்டத்தில் முதல் உறுப்பு மறைந்தாலும் இரண்டாவது நிலைத்து நிற்கும். தங்கத்தில் பெரும்பாலும் அதுவே மேலோங்குகிறது. எனவே மின்னழுத்தத்துக்கு எதிராக வரையாமல், மின்னூட்ட அடர்த்திக்கு எதிராகத் தகைவை வரைந்து பாருங்கள். இரட்டை அடுக்குப் பகுதியில் (வேதிவினை நிகழாமல் பரப்பில் மின்னூட்டம் மட்டும் சேரும் மின்னழுத்த வரம்பில்) ஏறத்தாழ நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வு, மின்னூட்டம் மாறாதபோது திரிபால் மின்னழுத்தம் மாறும் வீதத்துக்குச் சமம், அலகு வோல்ட், தங்கத்துக்கு எதிர்க்குறி. தங்கத்தை இழுத்தால் அதன் வேலைச்சார்பு (ஓர் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றல்) குறைகிறது என்ற செய்தியே அந்தக் குறியில் அடங்கியிருக்கிறது.

பதில் 2 (ஆய்வகத் தொழில்நுட்பர்):

விலகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தங்கம் கண்ணாடியைவிட ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தால் விரிவதால், உங்கள் சில்லு ஒரு வெப்பமானியும்கூட. 100 நானோமீட்டர் படலத்துக்கு ஒரு டிகிரி மாற்றமே மீட்டருக்குச் சுமார் 0.1 நியூட்டன் அளவுக்குப் பொய்த் தகைவைக் காட்டிவிடும். மீட்டருக்கு 0.5 நியூட்டன் என்ற உண்மையான மாற்றமோ 20 மில்லிமீட்டர் நீளச் சில்லில், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள திரையில், லேசர் புள்ளியை 76 மைக்ரோமீட்டர் மட்டுமே நகர்த்தும். கலத்தின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாமல் இதில் பயனில்லை. அந்த 76இல் நீரின் ஒளிவிலகல் எண் 1.33ஐயும் சேர்த்திருக்கிறேன், பலரும் அதை விட்டுவிட்டுத் தகைவை மூன்றிலொரு பங்கு கூட்டிச் சொல்கிறார்கள். ஒப்பீட்டு மின்முனை (மின்னழுத்தத்தை அளக்க ஆதாரமாக வைப்பது) வெள்ளி–வெள்ளி குளோரைடாக இருந்தால், அதிலிருந்து கசியும் குளோரைடு தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இடையில் பெர்குளோரிக் அமிலம் நிரப்பிய உப்புப் பாலம் அவசியம்.

கேள்வி கேட்டவர்:

நன்றி, ஐயா. பாலம் வைத்தபின் விலகல் வெகுவாகக் குறைந்தது. மின்னூட்டத்துக்கு எதிராக வரைந்தபோது நடுப்பகுதி நேராக உள்ளது. ஆனால் இரு ஓரங்களிலும் வளைகிறது. மின்னோட்டத்தைத் தொகையிட்டே மின்னூட்டத்தைப் பெற்றேன்.

பதில் 1:

நேர்ப்பக்க வளைவு ஆக்சைடு உருவாகத் தொடங்குவதால் இருக்கலாம். வோல்டாமோகிராமில் (மின்னழுத்தத்துக்கு எதிரான மின்னோட்ட வரைபடத்தில்) அதே இடத்தில் மின்னோட்டம் எழுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் முதலில் கரைந்த ஆக்சிஜனைச் சந்தேகியுங்கள்: அதன் ஒடுக்க மின்னோட்டம் தொகையில் சேர்ந்தாலும் பரப்பில் மின்னூட்டமாகத் தங்குவதில்லை. ஆர்கானைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றியபின் மறுபடி ஓட்டுங்கள். சாய்வை நடுப்பகுதியிலிருந்து மட்டும், போகும் சுற்றுக்கும் திரும்பும் சுற்றுக்கும் தனித்தனியே எடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த எண்ணைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம்.