திரையையே மூலப்பொருளாக வைத்துக் குறும்படம்: கேமராவிலும் மேசையிலும் எடிட்டிலும் கவனிக்க வேண்டியவை

ஒளிப்பதிவு

செல்போன் நம் வாழ்க்கையை என்ன செய்திருக்கிறது என்று எடுக்க வரும் பரிசோதனைக் குறும்படங்கள் பெரும்பாலும் குனிந்த தலை, முகத்தில் நீல வெளிச்சம், பின்னணியில் சோகமான பியானோ என்றே முடிகின்றன. திரை எப்படி வேலை செய்கிறதோ அதையே படத்தின் பொருளாக்கினால் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. அதைச் செய்து பழகியவர்கள் நுணுக்கங்களை இங்கே போடுங்கள். முதலில் எல்லோரையும் படுத்தும் கறுப்புப் பட்டை.

போன் திரையை எடுத்தால் பட்டை வருவதற்குக் காரணம் இரண்டு. திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொள்கிறது. நாம் விநாடிக்கு 25 ஃபிரேம், 1/50 ஷட்டரில் (ஒரு ஃபிரேமுக்கு 1/50 விநாடி வெளிச்சம்) எடுக்கிறோம். அடுத்தது, பல ஓலெட் திரைகள் பிரைட்னஸைக் குறைத்தால் உண்மையில் மங்குவதில்லை. வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன, பல மாடல்களில் விநாடிக்கு 240 தடவை. 1/50 விநாடிக்குள் இது 4.8 சுற்று. அந்த முழுமையடையாத சுற்றுதான் பட்டையாகத் தெரிகிறது. ஷட்டரை 1/60-க்கு மாற்றினால் சரியாக 4 சுற்று, திரையின் ஒரு புதுப்பிப்பும் முழுதாக அடங்கிவிடும்.

120 ஹெர்ட்ஸ் போன் என்றால் செட்டிங்ஸில் 60-க்குப் பூட்டுங்கள். ஆட்டோ பிரைட்னஸ், நைட் லைட் இரண்டையும் அணைத்து ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பிரைட்னஸ் முக்கால்வாசிக்கு மேல் இருந்தால் பல போன்களில் பட்டைத் தொல்லை பாதி குறையும்.

லைட்டிங்

1/60 திரைக்குச் சரி, அறைக்குச் சரியில்லை. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். 25 ஃபிரேம், 1/60-இல் அந்தப் பட்டை ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும். சுவரில் நிழல் மாதிரி இருப்பதால் மானிட்டரில் கண்ணுக்குச் சிக்காது, கலர் கிரேடிங்கில் கான்ட்ராஸ்ட் ஏற்றியதும் வெளியே வரும். அதனால் அறை வெளிச்சத்துக்கு பேட்டரி எல்ஈடி பேனல் அல்லது பழைய குண்டு பல்பு. டியூப்லைட்டை அணைக்க முடியாத டீக்கடை போன்ற இடத்தில் ஷட்டர் 1/50-இலேயே இருக்கட்டும். போனை முழு பிரைட்னஸில் வைத்து, ஐஎஸ்ஓ-வையும் (கேமராவின் ஒளி உணர்திறன்) அப்பர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) குறைத்துச் சமாளியுங்கள்.

முகத்தில் விழும் போன் வெளிச்சத்தை போனிலிருந்தே எடுக்கப் பார்க்காதீர்கள், ஐஎஸ்ஓ ஏறி ஏறிப் படம் புள்ளி புள்ளியாகிவிடும். போனுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல் ஒரு டேப்லெட்டில் வெள்ளைப் பக்கம் போதும். கருவிழியில் விழும் பிரதிபலிப்பும் செவ்வகமாகவே இருக்கும், வட்டமான லைட் வைத்தால் பொய் உடனே தெரிந்துவிடும். கறுப்புக் கண்ணாடியில் யூனிட் ஆட்கள் தெரிந்தால் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணியைக் கேமரா முன் தொங்கவிடுங்கள்.

ஆர்ட் டிபார்ட்மென்ட்

படத்தின் கருத்தையே ஒரு பொருளாகச் செய்து வைக்க ஆசைப்படுபவர்கள், பழைய எல்சிடி மானிட்டர் ஒன்றின் முன்பக்க போலரைசர் படலத்தை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) உரித்துப் பாருங்கள். உரித்த மானிட்டர் வெறும் வெள்ளையாக எரியும். படம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படலத்தின் துண்டைப் பிடித்துப் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் கேமராவிலேயே கிடைக்கிற அதிசயம் இது. ஒரே அறையில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, ஒருவருக்கு மட்டும் தெரியும் உலகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செய்முறை: பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். முன் சட்டத்தை மட்டும் கழற்றுங்கள். பின்பக்க போர்டைத் தொடவே கூடாது; பின்வெளிச்சத்துக்கு மெல்லிய ட்யூப்லைட் வைத்த பழைய எல்சிடி மானிட்டர்களில், அதை எரிக்கும் இன்வெர்ட்டரின் உயர் மின்னழுத்தம் அங்கேதான். ஈரமான டிஷ்யூ பேப்பரைப் படலத்தின் மேல் சில மணி நேரம் பரப்பி வைத்தால் பசை இளகும், தண்ணீர் ஓரத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையை பிளேடால் நெம்பி, 45 டிகிரி வாக்கில் மெதுவாக, நிறுத்தாமல் இழுக்க வேண்டும். வேகம் கூடினால் கண்ணாடி விரிசல் விடும். மிஞ்சும் பசையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். பசை கொஞ்சம் நின்றாலும் வெள்ளை பால் மாதிரி கலங்கலாகி, தெரிய வேண்டிய படமும் மங்கிவிடும். மேட் வகைப் படலம் பார்க்கும் துண்டுக்கு உதவாது. கடையில் விற்கும் தெளிவான லீனியர் போலரைசர் ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள்.

கேமராவில் சிபிஎல் ஃபில்டர் (லென்ஸில் மாட்டித் திருகும் சர்க்குலர் போலரைசர்) இருந்தால் அதைத் திருகினாலே படம் தோன்றும், 90 டிகிரி திருப்பினால் நெகட்டிவாக மாறும். உரிக்காத எல்சிடி லேப்டாப் முன் அதே ஃபில்டரைத் திருகினால் அறை அப்படியே இருக்க, திரை மட்டும் கறுத்துப் போகும். ஓலெட் போன்களில் இந்த வித்தை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி நடக்கும், முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

அதிகச் செலவில்லாத இன்னொன்று: இங்க் ஃபில்லரால் போன் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர். அது லென்ஸாகி சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டும், மேக்ரோ லென்ஸில் பிரமாதமாக வரும். தண்ணீரைத் திரை விரலென்று எடுத்துக்கொண்டு தானே எதையாவது திறக்கும். ஸ்கிரீன் லாக் வசதியுள்ள வீடியோ பிளேயரில் ஓடவிடுங்கள்.

சவுண்ட்

கருவிகளின் மின்காந்தத் துடிப்பைச் சத்தமாகப் பிடிக்க, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்றின் காயில் போதும். 3.5 எம்எம் ஜாக்கில் ஷீல்டு வயரோடு சால்டர் செய்து ரெக்கார்டரின் மைக் இன்புட்டில் செருகுங்கள். ரெக்கார்டர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம், அதாவது பிளக்-இன் பவர், அணைந்திருக்க வேண்டும். சாதா வயர் போட்டால் வீட்டு மின்சாரத்தின் உறுமல் எல்லாவற்றையும் மூடிவிடும். காயிலைப் போனின் மேல் நகர்த்தினால் ஒவ்வொரு இடத்திலும் வேறு குரல். திரை அணைந்து எரியும்போது சத்தம் சட்டென்று மாறும். பழைய பட்டன் போனில் 2ஜி கிடைத்தால், ஸ்பீக்கர் பக்கத்தில் அழைப்புக்கு முன்னால் வரும் அந்த ‘டிக் டிடிக்’கையும் பதிவு செய்யுங்கள். 217 ஹெர்ட்ஸ் துடிப்பு அது, 4ஜி-யில் கேட்காது. ஒரு தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும் சத்தம்.

டீக்கடையின் யுபிஐ ஸ்பீக்கர் பெட்டியைத் தனியாக எடுங்கள். சின்னப் பெட்டி என்றாலும் ஒலி கடுமை, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் கெயின் (ரெக்கார்டரின் பதிவு அளவு) வையுங்கள்.

எடிட்டிங்

போனின் ஸ்கிரீன் ரெக்கார்டிங் நிலையான ஃபிரேம் ரேட்டில் இருக்காது. அப்படியே டைம்லைனில் போட்டால் பத்து நிமிடத்தில் வாயும் வார்த்தையும் பிரிந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றியில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் தேர்ந்து மாற்றியபின் கொண்டுவாருங்கள். 60-இல் பதிந்த ஸ்க்ரோல் 25 டைம்லைனில் விக்கி விக்கி ஓடும். படம் முழுக்க ஸ்கிரீன் ரெக்கார்டிங் என்றால் 30 டைம்லைன்தான் நல்லது.

டேட்டாமோஷிங், அதாவது வீடியோ ஃபைலை வேண்டுமென்றே உடைத்து ஒரு படத்தை இன்னொன்றில் உருகவிடும் உத்தி, செய்பவர்களுக்கு: கிளிப்புகளை எக்ஸ்விட் ஏவிஐ-யாக, பி-ஃபிரேம் (முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களை நம்பியிருப்பது) பூஜ்யமாக, கீஃபிரேம் இடைவெளி 300-க்கு மேல் வைத்து மாற்றுங்கள். இரண்டாவது கிளிப்பின் முதல் ஐ-ஃபிரேமை (முழுப் படத்தையும் தாங்கும் கீஃபிரேம்) நீக்கினால் முந்தைய படத்தின் தோல் அடுத்த படத்தின் அசைவில் உருகும். இரண்டாவது கிளிப்பில் அசைவு இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. யாராவது குறுக்கே நடக்கட்டும். உடைந்த ஃபைலை எடிட்டிங் மென்பொருளில் நேராகப் போடாதீர்கள், ஒவ்வொரு பிளேயரும் அதை ஒவ்வொரு மாதிரி காட்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவியில் மறுபடி என்கோட் செய்து உறையவைத்தபின்தான் வெட்டு. இந்த உத்தி பார்த்துப் பழகிப் போனது, நினைவோ முகமோ கலையும் ஒரே இடத்தில் மட்டும் வரட்டும்.

போலி சாட் திரையில் தமிழ் எழுத்து: எடிட்டிங் மென்பொருளின் டெக்ஸ்ட் என்ஜின் சரியில்லையென்றால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் அடித்துப் பிஎன்ஜி-யாக எடுத்துப் போடுவது நிம்மதி.

மேலும் ஒன்று

ஃபிரேமில் உண்மையான க்யூஆர் கோடு இருந்தால் பார்ப்பவர் ஸ்கேன் செய்ய முடியும்; நாலைந்து கட்டங்கள் மறைந்தாலும் அது ஸ்கேன் ஆகும், அதனால் பாதிக்கு மேல் மறைத்துவிடுங்கள். சாட்டில் தெரியும் போன் எண்ணும் அப்படியே. விநாடிக்கு மூன்றுக்கு மேல் பளிச்சிடும் காட்சி வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து, அது தவிர்க்க முடியாததென்றால் படத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கை போடுங்கள். திரையிடலுக்கு அனுப்பும்போது எந்த நிமிடத்தில் படம் வேண்டுமென்றே உடைகிறது என்று ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்புங்கள், இல்லையென்றால் புரொஜெக்ஷனில் ஃபைல் கெட்டுவிட்டதென்று நிறுத்திவிடுவார்கள்.