தங்கையின் திருமணத்துக்குப் புகைப்படக்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? எதற்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் என் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. முந்தின நாள் மாலை பசுமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு, மறுநாள் காலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள் திருப்பரங்குன்றம் முருகன் கோயிலில் முகூர்த்தம், அதன்பின் மண்டபத்தில் நலங்கும் விருந்தும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு மேல் போனால் வேறு ஏதாவது ஒரு செலவைக் குறைத்தே ஆக வேண்டும்.

மூன்று இடங்களில் விசாரித்தோம். எங்கள் தெருமுனை ஸ்டுடியோக்காரர் ஒரு புகைப்படக்காரர், ஒரு வீடியோக்காரர், நாற்பது ஷீட் ஆல்பம் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய் கேட்கிறார். இரண்டாவது குழு வழக்கமான படங்களுக்கு ஒருவர், கேண்டிடுக்கு (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுக்கும் படங்களுக்கு) ஒருவர், வீடியோவுக்கு இருவர், ட்ரோன், ஒரு ஆல்பம் என 1,45,000 ரூபாய் சொல்கிறது. மூன்றாவது குழு சென்னையிலிருந்து வருவது. திருமணத்துக்கு முன் கொடைக்கானலில் ஒருநாள் படப்பிடிப்பு, எல்.இ.டி. திரை, ட்ரோன், இரண்டு ஆல்பங்கள் என்று 2,60,000 ரூபாய். அப்பா முதலாமவரையே போதும் என்கிறார். தங்கைக்கு இன்ஸ்டாகிராமில் பார்த்த மூன்றாவது குழுவின் படங்கள் மிகவும் பிடித்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பத்தாவுக்கு 84 வயதாகிறது. 1989-இல் நடந்த என் பெற்றோரின் திருமண ஆல்பத்தைப் புரட்டினால், தாத்தா பந்தியில் குனிந்து பரிமாறும் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறார். அதிலும் பாதி முகத்தைச் சாம்பார் வாளி மறைத்துவிட்டது. இந்த முறை அப்படி நடந்துவிடக் கூடாது. எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தாமிரபரணி:

எனக்குத் திருமணமாகி ஓராண்டுதான் ஆகிறது, சகோதரரே. அதனால் எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நாங்களும் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து மயங்கித்தான் முன்பணம் கொடுத்தோம். அங்கே இருப்பவை ஐம்பது திருமணங்களிலிருந்து பொறுக்கியெடுத்த ஐம்பது படங்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஏதேனும் ஒரே ஒரு திருமணத்தின் முழு ஆல்பத்தையும் முழு வீடியோவையும் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பாருங்கள். அதிலும் கோயிலில் அதிகாலையில் நடந்த திருமணமாக இருந்தால் இன்னும் நல்லது. காட்டத் தயங்குகிறவர்களிடம் கொடுக்காதீர்கள்.

வரவேற்பு மேடை விளக்கைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அலங்காரக்காரர்கள் எங்கள் மேடையில் ஊதா, இளஞ்சிவப்பு விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். அம்மா காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்த அரக்குப் பட்டு படத்தில் கறுப்பாகவும், என் முகம் ஊதாவாகவும் விழுந்திருக்கின்றன. எவ்வளவு திருத்தியும் தோலின் நிறம் திரும்பி வரவில்லை. மணமக்கள் மீது வெள்ளை விளக்கு மட்டுமே விழ வேண்டும் என்று அலங்காரக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அதற்குத் தனியாகப் பணம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

திண்டுக்கல் கேமராக்காரர்:

தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் மாவட்டத்தில் வேலை எடுப்பதில்லை என்பதால் எந்தப் பக்கமும் சாயாமல் சொல்ல முடியும்.

விலையில் பெரும்பகுதி ஆட்களின் நாள் சம்பளத்துக்கும், திருமணம் முடிந்தபின் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும், ஆல்பம் அச்சுக்கும் போகிறது. ஆகவே எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணி நேரம் இருப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 70,000 ரூபாய்க்கு இருவர் வருவது நியாயமான விலைதான். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் இருக்கும் ஒரே புகைப்படக்காரர் மாப்பிள்ளையின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதே நொடியில் உங்கள் அம்மாவின் முகம் எப்படியிருந்தது என்பதைப் பார்க்க அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டாவது கேமராவுக்குக் கொடுக்கும் பணத்தை வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

திருப்பரங்குன்றம் முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் முகூர்த்த நாளில் அங்கே ஒரே காலையில் எத்தனையோ திருமணங்கள் நடக்கும். உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் இடமும் குறைவு. பக்கத்தில் இன்னொரு குடும்பம் மாலையோடு காத்து நிற்கும். தை மாதத்தில் மதுரையில் ஆறரை மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும். மலையைக் குடைந்த கோயில் அது. முன்னால் இருப்பவையும் கருங்கல் மண்டபங்கள். மண்டபங்களில் ஃபிளாஷை வெள்ளைக் கூரையில் அடித்து ஒளியைப் பரப்புவோமே, அந்த வித்தை கருங்கல்லிடம் பலிக்காது. கல் ஒளியை விழுங்கிவிடும். நேராக அடித்தால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, பின்னால் தூண்கள் இருட்டில் மறைந்துபோகும். குறைந்த வெளிச்சத்திலும் படம் எடுக்க உதவும் எஃப் 1.4 அல்லது 1.8 லென்ஸ் வைத்திருக்கிறீர்களா, கோயிலுக்குள் அதிகாலையில் எடுத்த படங்களைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே அவருடைய அனுபவம் உங்களுக்குத் தெரிந்துவிடும். கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே கேமராவுக்கு எங்கே அனுமதி உண்டு, கட்டணம் எவ்வளவு, எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதைக் கோயில் அலுவலகத்தில் நீங்களே நேரில் கேட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர்களின் கைப்பேசிப் படங்கள் இருக்கும் என்ற நம்பிக்கை அங்கே உதவாது.

ட்ரோனை விட்டுவிடுங்கள். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் அனுமதி பெறாமல் பறக்கவிட முடியாது. மதுரை விமான நிலையம் உங்கள் மண்டபத்துக்கும் கோயிலுக்கும் தொலைவில் இல்லை. கொடைக்கானல் படப்பிடிப்பும் ஆசைக்குச் செய்வதுதான். முகூர்த்தப் படங்களைக் குறைத்துவிட்டு அதைச் செய்ய வேண்டியதில்லை.

தை மாத முகூர்த்த நாள்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. மார்கழி முழுவதும் வேலையில்லாமல் இருந்த எங்கள் தொழிலில் அந்த நாள்களில் ஒரே ஸ்டுடியோ மூன்று திருமணங்களை ஒப்புக்கொள்வது சாதாரணம். உங்களிடம் பேசியவர் ஒருவர், கேமராவோடு வருகிறவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட வேறொருவர் என்று ஆகிவிடும். யார் வருகிறார் என்று பெயரோடு கேட்டு, அவர் எடுத்த படங்களையே பாருங்கள். உங்கள் வீட்டுச் சடங்குகளின் வரிசையையும் அவருக்குச் சொல்லுங்கள். மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் உண்டு என்றால், அவர் பெண்ணின் பின்னால் எந்தப் பக்கம் நிற்பார் என்பது தெரிந்தவர்தான் அந்த நொடிக்குச் சரியான இடத்தில் நிற்க முடியும். தாய்மாமன் சீர் எப்போது என்று தெரியாத ஒருவர் அந்த நேரத்தில் காபி குடிக்கப் போயிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பாதுகாப்பு. கேமராவில் இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் படம் பதிவாக வேண்டும். 4கே வீடியோ பொதுவான தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரை இடம் பிடிக்கும். இரண்டு கேமராக்கள், ஒன்றரை நாள் என்று கணக்குப் போட்டால் ஒரு டெராபைட் டிஸ்க் எளிதில் நிரம்பிவிடும். இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்து, திருமணம் முடிந்த வாரத்திலேயே திருத்தாத எல்லாப் படங்களையும் அதில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பென் டிரைவை நம்ப வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டு மணிக்கு இலை போட்டுவிடுங்கள், தம்பி. பல திருமணங்களில் கடைசிப் பந்தி வரை எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.

கொள்ளிடத்துக்காரி:

கேமராக்கார அண்ணன் சொன்ன ஹார்ட் டிஸ்க் விஷயத்தைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அண்ணன் திருமணப் படங்கள் பதினான்கு மாதங்கள் கழித்துத்தான் கைக்கு வந்தன. அதிலும் பெண் அழைப்புப் படங்கள் ஒன்றுகூட இல்லை. டிஸ்க் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் அழைப்பு நடந்து நான்கு மாதத்தில் என் சித்தப்பா காலமானார். அன்று மஞ்சள் சட்டையில் மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் அவர் ஆடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். காட்டுவதற்குத்தான் எதுவும் இல்லை. எழுத்தில் எதுவும் வாங்காததால் எங்களால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய இயலவில்லை.

ஆகவே ஒரு பக்கமாவது எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். யார் வருவார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஆல்பத்தின் அளவும் ஷீட் எண்ணிக்கையும், எந்தத் தேதிக்குள் தருவார்கள், வர முடியாமல் போனால் யாரை அனுப்புவார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். பணத்தையும் பிரித்துக் கொடுங்கள்; ஆல்பம் கைக்கு வரும்வரை கால் பங்காவது உங்களிடம் இருக்கட்டும். கையில் எழுத்தும் ரசீதும் இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இதெல்லாம் எங்களுக்குக் காலம் கடந்து தெரிந்தது.

இன்னொரு செய்தி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே சேரும். சில குழுக்கள் தங்கள் ஒப்பந்தத்தில் அதை மாற்றி எழுதி வைத்திருக்கும். தங்கையைக் கேட்காமல் அவள் படத்தை விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விலையில் ஜி.எஸ்.டி. அடங்குமா என்றும் கேளுங்கள். 18 சதவீதம் தனி என்றால் உங்கள் 1,45,000 ரூபாய் 1,71,100 ஆகிவிடும்.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஜி.எஸ்.டி. கணக்கைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பாவைப் பற்றிய வரிகளைக் கேட்டபின் தங்கை கொடைக்கானல் பேச்சையே விட்டுவிட்டாள்.

இரண்டாவது குழுவை நேரில் போய்ப் பார்த்தோம். சென்ற ஆண்டு ஆவணியில் அவர்கள் எடுத்த ஒரு கோயில் திருமணத்தின் முழு ஆல்பத்தையும் தயங்காமல் காட்டினார்கள். தூண்களின் சிற்பங்களும் தெரிந்தன, முகங்களும் வெளுக்கவில்லை. ட்ரோனை நீக்கி, வீடியோவுக்கு ஒருவரைக் குறைத்து, வரி உட்பட 1,32,000 ரூபாய்க்கு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். இப்போது 40,000 ரூபாய், முகூர்த்தம் முடிந்த அன்று 55,000 ரூபாய், ஆல்பம் வந்தபின் 37,000 ரூபாய். கோயில் அலுவலகத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை போகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அப்பத்தாவால் கூட்டத்தில் நீண்ட நேரம் நிற்க முடியாது. வரவேற்பு மேடையில் ஏற்றினால் படி ஏறவே சிரமப்படுவார். அவரை எப்போது எடுக்கச் சொல்வது?

திண்டுக்கல் கேமராக்காரர்:

மேடைக்கு ஏற்றவே வேண்டாம், தம்பி. வரவேற்பு நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் கேண்டிட் எடுப்பவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தங்கை அலங்காரத்துக்கு உட்காரும் முன்பாக, அப்பத்தாவை வாசலையோ ஜன்னலையோ பார்த்தபடி அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்து, தங்கையைப் பக்கத்தில் தரையில் உட்காரச் சொல்லி, பேத்தியின் தலையில் அவர் கையாலேயே பூ வைத்துவிடச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். இருபது நிமிடம் போதும். அந்த நேரத்தில் உங்கள் அப்பாவையும் அறைக்குள் இருக்கச் சொல்லுங்கள்.