புதுப்பிப்பு: தேக்கு பீரோவும் மேசையும் கீறலின்றி வந்து சேர்ந்தன

தாத்தா காலத்துத் தேக்கு பீரோவையும் சாப்பாட்டு மேசையையும் தஞ்சாவூரிலிருந்து கோவைக்குக் கொண்டுவர எப்படிக் கட்டுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன.

பபிள் ராப்பை மரத்தின்மேல் நேரடியாகச் சுற்றக் கூடாது என்று தச்சர் ஒருவர் சொல்லியிருந்ததுதான் மிகவும் பயன்பட்டது. பழைய மரச்சாமான்களில் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பாலிஷே இருக்கும் என்பதால், வெயிலில் நிற்கும் லாரிக்குள் அது இளகி, பிளாஸ்டிக் குமிழ்களின் வட்டத் தடங்களை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆகவே முதலில் துவைத்த பழைய பருத்தி வேட்டிகள், அவற்றின்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் வெளியே பபிள் ராப் என்ற வரிசையில் சுற்றினோம். மேசையின் முனைகளுக்கு அட்டைப்பெட்டியை மடித்துத் தொப்பிபோல் மாட்டி, கயிறு மரத்தில் படாதவாறு அந்த அட்டையின் மேலேயே இறுக்கினோம். இழுப்பறைகள் தனியாக வந்தன.

புது வீட்டில் தரை கீறாமலிருக்க நாற்காலிக் கால்களின் அடியில் ஃபெல்ட் என்ற தடித்த, மெத்தென்ற துணித் துண்டுகளை ஒட்டியிருக்கிறேன். அவற்றில் மணல் சிக்கினால் தரையையே கீறிவிடும். எனவே அவ்வப்போது நாற்காலியைக் கவிழ்த்துத் துடைப்பது அவசியம். அரக்குப் பாலிஷ் சூட்டையும் ஈரத்தையும் தாங்காது, வெள்ளை வளையம் விழும் என்பதால், சாப்பாட்டு மேசையில் எந்தப் பாத்திரத்தையும் பிரிமணை இல்லாமல் வைப்பதில்லை என்று வீட்டில் அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.