மரநிழலில் களை மண்டிய பெரிய புல்வெளி: குறைந்த செலவில் சரிசெய்ய முடியுமா?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சுமார் 8000 சதுர அடி இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் நல்ல புல்வெளியாக இருந்ததாம். இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியும், கிட்டே போனால் முக்கால்வாசி களைதான்.

பெரிய மரங்கள் மூன்று நிற்கின்றன. இரண்டு மா, ஒன்று தூங்குமூஞ்சி. மாமரங்களுக்கு அடியில் உச்சிவெயில் நேரத்தில்கூடத் தரையில் வெளிச்சம் விழுவதில்லை. வெறும் மண்ணும் சருகும்தான். தூங்குமூஞ்சிக்குக் கீழே மட்டும் மெலிந்த புல் அங்கங்கே பிழைத்துக் கிடக்கிறது. மேற்குப் பக்கம் மரம் இல்லை, நல்ல வெயில். அங்கே கோரை, வெட்டுக்காயப் பூண்டு, அம்மான் பச்சரிசி எல்லாம் போட்டி போட்டு வளர்கின்றன. நடுவில் ஈரம் நிற்கிற பள்ளத்தில் கானாவாழை படர்ந்திருக்கிறது.

மொத்த இடத்துக்கும் புல்தகடு (மண்ணோடு பெயர்த்து விற்கிற புல்) வாங்கிப் பதிக்கிற அளவுக்கு வசதி இல்லை. வேலையை நானும் வீட்டில் உள்ளவர்களும்தான் செய்யப் போகிறோம். ஒரே அடியாகக் களைக்கொல்லி அடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மேலே அருகம்புல் விதை தூவிவிடலாம் என்று ஓர் எண்ணம். கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் களை போய்விடும், மருந்துச் செலவு மிச்சம் என்று ஒருவர் சொன்னார். மரங்களை வெட்டுவதாக இல்லை. வீடு குளிர்ச்சியாக இருப்பதே அவற்றால்தான். பிள்ளைகள் ஓடி விளையாட ஓர் இடம் வேண்டும், மற்ற இடம் பார்க்கப் பச்சையாக இருந்தால் போதும். எங்கே தொடங்குவது?

பதில் 1

வணக்கம். மரங்கள் அடர்ந்த தோட்டங்களைப் பராமரிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உப்பு விஷயம். தயவுசெய்து வேண்டாம். உப்பு களையோடு நிற்காது. மண்ணிலேயே தங்கும், மழையில் கரைந்து மரவேர் வரைக்கும் இறங்கும். மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேலாக, ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. களையைக் கொல்லப் போய் மாமரத்தின் இலை நுனிகள் கருகுவதைப் பார்க்க வேண்டிவரும்.

களைக்கொல்லியும் இப்போதைக்கு வேண்டாம். மரத்தடியில் புல் செத்ததற்குக் காரணம் களை இல்லை. வெளிச்சம் போனதால் புல் மெலிந்தது, மெலிந்த இடத்தில் களை குடியேறியது. மருந்தடித்து மொத்தத்தையும் அழித்தாலும் அந்த வெளிச்சக் குறைவு அப்படியே இருக்கும். வெறுமையான மண்ணில் முதலில் முளைப்பது மறுபடியும் களை விதைதான். புல்வெளிக்கென்று விற்கிற சில மருந்துகளில் டைகாம்பா என்ற களைக்கொல்லி கலந்திருக்கும். அதை மரவேரும் உறிஞ்சிக்கொள்ளும். மரத்தடியில் எந்த மருந்தாக இருந்தாலும் டப்பாவில் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்காமல் கையில் எடுக்காதீர்கள்.

ஆகவே முதல் வேலைக்குக் காசே வேண்டாம். வெயில் நன்றாக அடிக்கிற ஒரு நாளில், காலையிலிருந்து மாலை வரை மணிக்கொரு தடவை வெளியே போய்ப் பாருங்கள். ஒரு தாளில் இடத்தை வரைந்து, எங்கெங்கே நேரடி வெயில் விழுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அருகம்புல்லுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், எட்டு என்றால் இன்னும் நல்லது. உங்கள் மேற்குப் பக்கம் தவிர வேறு எங்கே அந்த விதையைத் தூவினாலும் முளைக்கும், நூல் மாதிரி நீளும், அப்புறம் மஞ்சளாகிப் படுத்துவிடும். அந்தக் காசு வீண்.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பிடித்த தகவல், தூங்குமூஞ்சிக்குக் கீழே புல் பிழைத்திருக்கிறது என்பது. அந்த மரத்தின் சிற்றிலைகளுக்கு நடுவே வெளிச்சம் புள்ளிபுள்ளியாக இறங்கும். மாலையிலும் மூடிய வானத்திலும் இலைகளை மடக்கிக்கொள்வதால் மழையும் நேராகத் தரைக்கு வரும். வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்துகிற மரம் வேறு. மாமரம் அப்படி இல்லை. வருடம் முழுக்க இலை, அதுவும் தோல் மாதிரி தடித்த இலை. உதிர்ந்தால் மட்கவும் நாளாகும். இரண்டும் நிழல்தான், ஆனால் ஒரே வைத்தியம் இரண்டுக்கும் ஆகாது.

தூங்குமூஞ்சிக்குக் கீழே நிழல் தாங்கும் புல்லுக்கு முயற்சி செய்யலாம். இரண்டு வகை சொல்வேன். ஒன்று செயின்ட் அகஸ்டின். தடித்த கொடி தரைமேல் ஓடும், அகலமான இலை, நான்கு மணி நேர வெயில் கிடைத்தாலே சமாளிக்கும். இன்னொன்று அகன்ற இலைக் கார்ப்பெட் புல். கணுவுக்குக் கணு வேர்விடும். சத்தில்லாத புளிப்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் காய்ச்சல் ஆகாது, ஈரம் வேண்டும். உங்கள் கானாவாழைப் பள்ளத்துக்கு இது பொருந்தும். கடைக்குக் கடை பெயர் மாற்றிச் சொல்வார்கள், அதனால் ஏற்கெனவே நிழலில் வளர்ந்து நிற்கிற இடத்திலிருந்து எடுத்த புல்லாகக் கேளுங்கள்.

இந்த இரண்டையும் விதையாக வாங்க வேண்டியதில்லை, கொடியிலிருந்தே பரவும். செலவு குறைவதும் இங்கேதான். ஒரு சதுர மீட்டர் புல்தகட்டை 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் 100 துண்டு. ஒவ்வொன்றையும் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒன்பது சதுர மீட்டருக்கு வரும். முதல் வருடம் அவ்வளவோடு நிறுத்துங்கள். அது மூடிக்கொண்ட பிறகு அதன் ஓரங்களிலிருந்தே வெட்டி அடுத்த பகுதிக்கு நகர்த்துங்கள். இரண்டாவது தடவை புல்லுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் தண்ணீர் வேலையும் பாதியாகும். துண்டு வேர்பிடிக்கும் வரை தினமும் லேசாக நனையுங்கள். பிடித்த பிறகு இடைவெளி விட்டு, ஆழமாக, காலை நேரத்தில் ஊற்றுங்கள். நிழலில் மாலைத் தண்ணீர் இரவெல்லாம் இலையில் நிற்கும், பூஞ்சை வரும்.

நடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. மண் ஈரமாக இருக்கும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கையால் அழுத்துங்கள். பிடி வரைக்கும் இறங்கினால் சரி. இரண்டு விரல்கடை போய் நின்றுவிட்டால் மண் இறுகிவிட்டது, எந்தப் புல்லும் தேறாது. மரத்தடியில் மண்வெட்டி போட்டுக் கொத்தாதீர்கள், வேர் அறுந்துபோகும். கம்பியால் அங்கங்கே குத்தித் துளை போட்டு, சலித்த மட்கு உரத்தை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தூவினால் போதும். வேர் வெளியே தெரிகிறதே என்று லாரி மண் கொட்டி மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மரத்தின் மூச்சை அடைக்கிற காரியம்.

இப்போது மாமரத்தடி. அங்கே புல் வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன். உங்கள் காசையும் உழைப்பையும் வருடா வருடம் விழுங்கப்போவது அந்த இடம்தான். விழுகிற சருகை ஒதுக்கி எரிக்காமல் அங்கேயே நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிவையுங்கள், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. களை விதைக்கு வெளிச்சம் கிடைக்காது, மண்ணும் காயாது. பச்சை வேண்டுமென்றால் மோண்டோ புல் இருக்கிறது. அது நிஜப் புல் இல்லை, மிதிபடவும் கூடாது, ஆனால் ஆழ்நிழலில் கரும்பச்சையாக நிற்கும். மெதுவாகத்தான் பரவும். ஒரு குத்தைப் பிரித்துப் பல குத்தாக நடலாம். வெடேலியா என்ற படர்செடியைச் சீக்கிரம் மூடும் என்று யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள், உலகின் மிக மோசமான அந்நிய ஊடுருவிச் செடிகளின் பட்டியலில் உள்ளது அது.

மரங்களை வெட்ட வேண்டாம், ஆனால் கீழ்க்கிளைகளைப் பத்தடி உயரம் வரைக்கும் எடுத்துவிட்டால் காலை மாலைச் சாய்வெயில் உள்ளே வரும். ஒரே வருடத்தில் மரத்தின் பசுமையில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது. தடித்த கிளையாக இருந்தால் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். செலவு செய்ய வேண்டிய ஓர் இடம் உண்டென்றால் இதுதான்.

பதில் 2

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் வெயில் பக்கத்தில் அருகம்புல் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். என் இடத்தில் பாதிக்குப் பொடுதலை படரவிட்டிருக்கிறேன். தானாக வந்த செடி. தரையோடு ஒட்டிப் படர்கிறது, வெட்டுகிற வேலை குறைவு, சின்னச் சின்னப் பூவுக்குத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. களை என்று நாம் பிடுங்குவதில் இப்படிச் சிலது நமக்கே உதவும். உங்கள் இடத்தில் ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள்.

பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடத்துக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன், தேனீ கொட்டும். தொட்டாற்சுருங்கி இருந்தால் அதையும் முதலில் எடுத்துவிடுங்கள், முள் சின்னதாக இருந்தாலும் ஏறினால் எரிச்சல்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி வரைந்து பார்த்தேன். மேற்குப் பக்கம் ஏழு மணி நேரத்துக்கு மேல் வெயில் இருக்கிறது. தூங்குமூஞ்சிக்குக் கீழே கலைந்த வெயில் நாள் முழுக்க இருக்கிறது, நேரடி வெயில் காலையில் மட்டும். மாமரத்தடியில் எதுவுமே இல்லை, அதை விட்டுவிடுகிறேன். ஸ்க்ரூடிரைவர் தூங்குமூஞ்சிப் பக்கம் நன்றாக இறங்கியது, மேற்கே பாதிதான் போனது.

இப்போது பயம் கோரைதான். பிடுங்கப் பிடுங்க இரண்டு மடங்காக வருகிறது. அதன் நடுவே அருகம்புல் எப்படிப் பிழைக்கும்? தார்ப்பாயோ அட்டையோ போட்டு மூடிவைக்கலாமா?

பதில் 1

இரண்டு மடங்காக வருவது உங்கள் பிரமை இல்லை. ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். இலைக்கு அடியில் ஒரு கிழங்கு, அதிலிருந்து மெல்லிய கம்பி மாதிரி ஒன்று ஓடி அடுத்த கிழங்கு, அப்புறம் இன்னொன்று என்று சரமாக இருக்கும். சரம் முழுதாக இருக்கும்வரை பல கிழங்குகள் உறங்கும். வேகமாக இழுத்தால் சரம் அறுந்து உறங்கியதெல்லாம் விழித்துக்கொள்ளும். அட்டையும் பிளாஸ்டிக்கும் மற்ற களைகளுக்குச் சரி, கோரையின் ஊசிமுளை இரண்டையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. கிழங்கு காய்ச்சலைத் தாங்காது, செடி நிழலைத் தாங்காது. மழையில்லாத கடும் வெயில் காலத்தில் மேற்குப் பக்கத்தைப் பகுதி பகுதியாக ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிப் புரட்டிவிடுங்கள், பெரும்பாலான கிழங்குகள் அந்த ஆழத்துக்குள்தான் இருக்கும். கட்டிகளை உடைத்து, கிடைத்த கிழங்கைப் பொறுக்கி, மிச்சத்தை வெயிலில் காயவிடுங்கள். அந்த நாட்களில் தண்ணீர் காட்டக் கூடாது. இறுகிய மண்ணும் இதிலேயே இளகிவிடும். ஆனால் மரவேர் எட்டாத தூரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அதன் பிறகு முளைப்பதை நாலைந்து இலை வருவதற்குள் மண்ணுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். புதுக் கிழங்கு கட்ட அது முளைத்து மூன்று வாரமாவது ஆகும், அதற்கு முன் வெட்டிக்கொண்டே இருந்தால் பழைய கிழங்கில் உள்ள சேமிப்பு கரையும். ஒரு பருவத்தில் முடிகிற வேலை இல்லை. அருகம்புல் அடர்த்தியாக மூடிவிட்டால் கோரைக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகும். விதையை மழை தொடங்கும் சமயத்தில் தூவுங்கள், மண்ணை லேசாகக் கீறிவிட்டு, மேலே மெல்லிசாக மட்கு.

வெட்டுகிற உயரத்தைக் கவனியுங்கள். அருகம்புல்லை ஒன்றரை அங்குலத்தில் வைக்கலாம். தூங்குமூஞ்சிக்குக் கீழே நடப்போகிற செயின்ட் அகஸ்டினை மூன்றிலிருந்து நான்கு அங்குலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும், வெளிச்சம் குறைந்த இடத்தில் இலைப்பரப்பு இருந்தால்தான் அது சாப்பிட முடியும். எங்கேயும் ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நிழல் பகுதிக்குத் தழைச்சத்தும் வெயில் பகுதிக்குப் போடுவதில் பாதி போதும். அள்ளிப் போட்டால் கொழுகொழுவென்று வளர்ந்து நோய் வாங்கும்.

வெட்டுக்காயப் பூண்டும் அம்மான் பச்சரிசியும் பெரிய எதிரிகள் இல்லை, விதை கட்டுவதற்கு முன் வெட்டிவிட்டாலே குறைந்துவிடும். கானாவாழையை மட்டும் வெட்டிவிட்டு அப்படியே விடாதீர்கள். ஈரத்தில் கிடக்கிற ஒவ்வொரு கணுவும் வேர்விடும். மண்ணுக்கு அடியிலும் அது விதை வைக்கும், அதனால் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு எடுத்து வெயிலில் போடுங்கள். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்றும் பாருங்கள். வெளியேற ஒரு சின்ன வாய்க்கால் வெட்ட முடிந்தால் கார்ப்பெட் புல் துண்டுகளை அதற்குப் பிறகு நடுங்கள்.