அடுக்குமண்டலத் திடீர் வெப்ப உயர்வு: 2019 ஏன் ‘சிறு நிகழ்வு’?

தெம்பனிஸ் மாணவி:
வணக்கம். தொடக்கக் கல்லூரிப் புவியியல் கட்டுரைக்காகத் துருவ அடுக்குமண்டலத்தில் (தரைக்கு மேல் ஏறக்குறைய 10 முதல் 50 கிலோமீட்டர் வரையிலான காற்றடுக்கில்) குளிர்காலத்தில் ஏற்படும் திடீர் வெப்ப உயர்வுகளை அட்டவணைப்படுத்துகிறேன். 2019 செப்டம்பரில் அண்டார்டிக்காவுக்கு மேலே, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பநிலை சில நாள்களுக்குள் 40 டிகிரிக்கும் மேல் உயர்ந்தது. அத்தனை உயர்வு கண்டதை ‘சிறு நிகழ்வு’ என்று வகைப்படுத்துவது எவ்வாறு பொருந்தும்?

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:
நிகழ்வின் பெயரில் வெப்பம் இருந்தாலும் அதன் தரத்தைத் தீர்மானிப்பது காற்று. 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில் (நீங்கள் குறிப்பிட்ட ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில்), 60 டிகிரி அட்சக்கோடு முழுவதற்கும் சராசரி எடுக்கும்போது, மேற்கிலிருந்து வீச வேண்டிய குளிர்காலக் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால் அது பெரு நிகழ்வு. 2019இல் அக்காற்று மிகவும் தளர்ந்ததே தவிர, திசை மாறவில்லை.

இந்த எல்லைக்கு இயற்பியல் அடிப்படை உண்டு. மலைத்தொடர்களும் நிலம்–கடல் வெப்ப வேறுபாடும் எழுப்பும் பெரிய கோள் அலைகள் (பூமியைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் காற்றலைகள்), மேற்கிலிருந்து காற்று வீசும் வரையில்தான் அடுக்குமண்டலத்திற்குள் ஏற முடியும். திசை மாறிய உயரத்தில் அவற்றின் வழி அடைபட, அவை அதற்குக் கீழேயே உடைந்து அங்குள்ள காற்றையும் தளர்த்துகின்றன. இவ்வாறு திசைமாற்றம் படிப்படியாகக் கீழிறங்குகிறது. வானிலை ஆய்வாளர் மட்சுனோ 1971இல் விளக்கிய இச்செயல்முறையைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் வகைப்பாடு தானாகவே விளங்கும்.

சாங்கி வாசகர்:
ஆசிரியர் கூறுவதை ஏற்கிறேன். ஆயினும் திசைமாற்றத்திற்குப் பொருள் இருக்கிறதே ஒழிய, 60 டிகிரி, 10 ஹெக்டோபாஸ்கல் என்பவை ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட வரையறைகளே. மேற்குக் காற்றின் வேகம் சுழியத்திற்குச் சற்று மேலே நின்ற நிகழ்வும் சற்றுக் கீழே சென்ற நிகழ்வும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பெயருடன் காற்றின் மிகக் குறைந்த வேகத்தையும் குறித்து வையுங்கள்.

வசந்தத்தில் சூரிய ஒளி திரும்பும்போது ஆண்டுதோறும் காற்று திசை மாறுவது இயல்பு. அந்த ‘இறுதி வெப்ப உயர்வை’ விலக்குவதற்காகவே, வடக்கில் ஏப்ரல் 30க்கு முன் மேற்குக் காற்று தொடர்ந்து 10 நாள்களாவது மீண்டும் வீச வேண்டும் என்ற விதியை ஆய்வாளர்கள் சார்ல்டனும் போல்வானியும் 2007இல் வகுத்தனர்.

துருவச் சுழல், அதாவது துருவத்தைச் சுற்றி வீசும் இந்தக் குளிர்காலக் காற்றுச் சுழற்சி, இடம்பெயர்ந்ததா, இரண்டாகப் பிளந்ததா என்பது தனிக் கேள்வி. வடக்கில் 2006 ஜனவரியில் இடம்பெயர்ந்தது, 2018 பிப்ரவரியில் பிளந்தது. அங்கு 2019 ஜனவரியில் ஏற்பட்ட வேறொரு நிகழ்விலோ முதலில் இடம்பெயர்ந்து பின்னர் பிளந்தது. இதைப் பெரு, சிறு என்ற பத்தியில் கலக்க வேண்டாம்.

தெம்பனிஸ் மாணவி:
மிக்க நன்றி. அப்படியானால் தெற்கில் பெரு நிகழ்வே இல்லையா? நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூருக்கு இதில் தொடர்பு ஏதும் உண்டா, ஐயா?

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:
அளவீட்டு வரலாற்றில் தெற்கே ஒன்றே ஒன்று உண்டு: 2002 செப்டம்பர். அப்போது ஓசோன் துளையும் இரண்டாகப் பிளந்தது. தென்கோளத்தில் கோள் அலைகள் வலுக்குன்றியிருப்பதே இது இவ்வளவு அரிதாக இருப்பதற்குக் காரணம்.

சிங்கப்பூருக்கும் இதில் சிறப்பான இடமுண்டு. நிலநடுக்கோட்டு அடுக்குமண்டலக் காற்று ஏறத்தாழ 28 மாதச் சுழற்சியில் திசை மாறுவதை, உலக ஆய்வாளர்கள் 1976 முதல் இங்கு விடப்படும் வானிலை பலூன்களின் அளவீடுகளைக் கொண்டே கவனித்து வருகின்றனர். அந்த நிலநடுக்கோட்டுக் காற்று 50 ஹெக்டோபாஸ்கலில் (ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரத்தில்) கிழக்கிலிருந்து வீசும் குளிர்காலங்களில் வடதுருவச் சுழல் தளர்ந்திருக்கும் போக்கை ஆய்வாளர்கள் ஹோல்டனும் டானும் 1980இல் காட்டினர். வகைப்படுத்துவதற்கு அந்தத் திசை தேவையில்லை. எனினும் ஒவ்வொரு வடதுருவ நிகழ்வுக்கும் எதிரே அதைக் குறித்தால் உங்கள் அட்டவணைக்கு மேலும் பயன் கூடும்.