பெரிய க்ளைம்பர்களிடம் பேசியவர்கள் சொல்லுங்கள்: பாறை ஏறுவதைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள்?

கருங்கல் பிரியன், பெங்களூரு:

ஆறு வருடமாகப் பாறை ஏறுகிறேன். வார இறுதியில் ராமநகரா, நாலு நாள் லீவு கிடைத்தால் பாதாமி, டிசம்பரில் ஹம்பி. ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி இது. உலகத் தரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஏறுவதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? பேட்டிகளைப் பார்த்தால் "நல்ல அனுபவம்", "கஷ்டமாக இருந்தது", "அன்றைக்கு உடம்பு ஒத்துழைத்தது" என்று முடிந்துவிடுகின்றன. நேரில் பேசியவர்கள் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஹம்பியில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவரைச் சந்தித்தேன். 8சி ஏறியவர் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். பாறையின் கடினத்துக்குப் போடும் கிரேடு அது, எண்ணும் எழுத்தும் ஏற ஏறக் கடினம். நான் 6பி-யில் திணறுகிறவன். சாயங்காலம் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து, பல நாள் சேர்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்: "மேலே இருக்கும்போது மனதில் என்ன ஓடும்?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒன்றும் ஓடாது. ஏறுவேன்" என்றார். கர்வமெல்லாம் இல்லை. நல்ல பதில் தர முடியவில்லையே என்ற சங்கடம்தான் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் விடிகாலை. ஹம்பியில் வெயில் ஏறினால் கல் சுடும், விரலில் வியர்வை வந்துவிடும். அதனால் எல்லோரும் இருட்டு பிரியும்போதே கிராஷ் பேடை (விழுந்தால் தாங்கும் மெத்தை) தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாய்ந்த பாறை ஒன்றில் ஒரே இடத்தில் நாலாவது முறையாக என் வலது கால் வழுக்கியது. அவர் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழுக்குவதற்கு முன்னால் என்ன செய்தாய்?"

"கையை நீட்டினேன்."

"அதற்கு முன்னால்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார்: "மேலே பார்த்தாய். தலை நிமிர்ந்ததும் உன் குதிகால் எழும்பிவிட்டது. குதிகால் எழும்பினால் ஷூ ரப்பர் கல்லில் படுகிற பரப்பு குறையும். எடை முழுவதும் காலுக்குப் போகும்வரை காலையே பார். அப்புறம் மேலே பார்க்கலாம்."

அதோடு நிற்கவில்லை. அரை மணி நேரம் பேசினார். எந்தப் படிகம் கல்லோடு ஒட்டி நிற்கும், எது ஆடும் என்று என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். காலை ஆறு மணிக்கு இருக்கும் பிடி பத்து மணிக்கு வேறு பிடி என்றார். ஏறுவதற்கு முன் ஷூவின் முனையை உள்ளங்கையால் தேய்த்துத் தூசி எடுக்கச் சொன்னார். ஆறாவது முயற்சியில் அந்தப் பாறையின் உச்சியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒன்றும் ஓடாது" என்று சொன்ன அதே மனிதர்தான். மனதைப் பற்றிக் கேட்டபோது வாய் வரவில்லை, வலது காலைப் பற்றிப் பேச்சு வந்தபோது நிறுத்தவே முடியவில்லை.

—

தொலைநோக்கி, கலிஃபோர்னியா:

நான் ஏறுவதில்லை. ஆனால் யோசெமிட்டி தேசியப் பூங்கா எங்கள் வீட்டிலிருந்து நாலு மணி நேரம்தான், வருடம் இரண்டு முறையாவது போவோம். எல் கேப்பிட்டன் எதிரே ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே நின்றால் சுமார் 900 மீட்டர் உயரச் சுவர் நேராக முன்னால் நிற்கும். சீசனில் பாலத்தின் பக்கம் தொலைநோக்கி வைத்து, "க்ளைம்பரைக் கேளுங்கள்" என்று ஒரு நிகழ்ச்சி நடக்கும். அந்தச் சுவரில் ஏறியவர்களே நின்று பதில் சொல்வார்கள். எங்கே தூங்குவீர்கள், கழிவறைக்கு என்ன செய்வீர்கள், கயிறு எப்படி மேலே போகிறது என்று வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவர்களும் பொறுமையாகச் சொல்வார்கள்.

அன்றைக்கு என் ஒன்பது வயது மகள் கேட்டாள்: "கை வலித்தால் எப்படிப் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள்?" அங்கே நின்ற பெண் சட்டென்று முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பலகைக்கு நடுவில் இருப்பதுபோல் தன் இரண்டு கைகளுக்கிடையே மகளின் கையை நுழைக்கச் சொன்னார். "இப்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கு." மடக்கினாள். கை தடித்து இறுகியது. "இழுத்துப் பார்." வரவில்லை. "இங்கே பல இடங்களில் பிடிப்பதே கிடையாது. வெடிப்புக்குள் கையே ஆப்பு. கட்டைவிரலைத் தளர்த்தினால்தான் வெளியே வரும்." இரண்டு வருடமாகிறது, என் மகள் இன்னும் கதவிடுக்கில் கையை விட்டு இதைச் செய்து காட்டுவாள்.

அலெக்ஸ் ஹானல்டைப் பற்றியும் இதேதான் நினைக்கிறேன். 2017 ஜூன் 3 அன்று கயிறில்லாமல் ஃப்ரீரைடர் வழியாக எல் கேப்பிட்டனை 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். அவரிடம் எல்லோரும் கேட்பது பயத்தைப் பற்றி. 2016இல் மூளையை ஸ்கேன் செய்து, பயத்தோடு தொடர்புள்ள பகுதி அமைதியாக இருப்பதைப் பார்த்தார்கள், அதையே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஏற்றத்தின் மிகக் கடினமான துண்டை அவர் விவரிப்பதைக் கேளுங்கள். ஒரு துளி விளிம்பில் ஒரு கட்டைவிரலை வைத்து, அதே இடத்தில் அதை எடுத்து மறு கட்டைவிரலை வைத்து, அப்புறம் எதிர்ச்சுவருக்குக் காலை வீச வேண்டும். அதைக் கயிறு கட்டி எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருக்கிறார். வழியில் கிடந்த தளர்ந்த கற்களைப் பையில் எடுத்துக் கீழே கொண்டுவந்திருக்கிறார். 2016 இலையுதிர் காலத்தில் ஒரு முறை ஆரம்பித்து, சரியில்லை என்று திரும்பியும் இருக்கிறார். பயம் எங்கே போனது என்பதற்கான பதில் அந்தக் கட்டைவிரல் கதைக்குள் இருக்கிறது.

இன்னொருவர் டாமி கால்டுவெல். 2001இல் மர அறுப்பு இயந்திரத்தில் இடது ஆள்காட்டி விரலை இழந்தவர். மீதி விரல்களை வைத்து ஒவ்வொரு பிடியையும் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் கெவின் ஜோர்கெசனோடு 19 நாள் சுவரிலேயே தங்கி, எல் கேப்பிட்டனின் டான் வால் வழியை ஏறி முடித்தார். குளிரில்தான் தோலும் ரப்பரும் நன்றாகப் பற்றும் என்பதால் கடினமான இடங்களை இரவில், தலைவிளக்கு வெளிச்சத்தில் ஏறினார்கள். இப்படி ஒருவர் விரல்களைப் பற்றிப் பேசினால் எனக்கு நாள் முழுக்கக் கேட்கத் தோன்றும். இயல்பாக வந்ததை இழந்து மறுபடி கற்றவருக்கு வார்த்தை கிடைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

—

ஐந்தடி, பெங்களூரு:

மேலே சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நான் குள்ளம். பத்தில் எட்டு பேர் எனக்குத் தரும் பீட்டா, அதாவது எப்படி ஏறுவது என்ற யோசனை, "அந்த மேல் ஹோல்டைப் பிடி" என்பதுதான். அது எனக்கு எட்டவே எட்டாது.

கண்டீரவா அரங்கத்தின் ஏறுசுவரில் ஒரு பெண் பயிற்சி எடுப்பாள். பதினைந்து வயதிருக்கும். தேசிய அளவில் ஏறுகிறவள், என்னைவிட ஒரு விரல்தான் உயரம். ஒரு நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். "அக்கா, நீங்க எட்டாதுன்னு முடிவு பண்ணிட்டுதான் கையைத் தூக்குறீங்க. வலது இடுப்பைச் சுவரோட ஒட்டுங்க. வலது கால் வெளிவிளிம்புல நில்லுங்க. இப்ப வலது கையை நீட்டுங்க." செய்தேன். ஒரு சாண் கூடுதலாகப் போனது கை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருடமாக என் உயரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், இடுப்பைத் திருப்ப வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. உயரமானவர்களுக்கு அதைச் சொல்லத் தோன்றாது, அவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

லின் ஹில்லின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். 1993இல் எல் கேப்பிட்டனின் நோஸ் வழியை, உபகரணத்தைப் பிடித்துத் தொங்காமல் கை கால்களால் மட்டும் முதன்முதலில் ஏறியவர் அவர். அடுத்த வருடம் அதையே ஒரு நாளுக்குள் முடித்தார். விரல் மெல்லியதாக இருந்ததால் வெடிப்புக்குள் நுழைந்தது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் மேலே இன்னொரு இடத்தில் பிடிக்க ஏதுமில்லாத மூலை ஒன்று வருகிறது. அங்கே முதுகு, தோள், இடுப்பு என்று உடம்பையே அழுத்தி, சுற்றித் திரும்பி ஏறினார். மெல்லிய விரல் அங்கே எதற்கு உதவும்? ஏறி முடித்து அவர் சொன்னதாக எல்லோரும் சொல்லும் வரி: "போகும், பசங்களா." இதைவிடச் சுவாரசியமாக ஒரு க்ளைம்பர் என்ன சொல்ல வேண்டும்?

இன்னொன்றையும் பாருங்கள். லீட் போட்டியில் (கயிற்றைக் கொளுவிக்கொண்டே உயரச் சுவர் ஏறும் போட்டி) ஏறுவதற்கு முன் சுவரைப் பார்க்க 6 நிமிடம் தருவார்கள். ஒருவரை ஒருவர் தோற்கடிக்கப் போகிறவர்கள் கூட்டாக நின்று, கையை வானில் தூக்கி, பிடிகளை அபிநயித்துக்கொண்டே பேசுவார்கள். மைக் முன்னால் வராத பேச்செல்லாம் அங்கே வருகிறது.

—

துறஹள்ளி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். காலைப் பற்றிக் கேட்டாலும் வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். பாதாமியில் அப்படி ஒருவரோடு இரண்டு நாள் ஏறினேன். "அந்த இடத்தை எப்படித் தாண்டினீர்கள்?" என்றால் "பிடித்தேன், போனேன்" என்பார். மறைக்கவில்லை, அவருக்கே தெரியவில்லை. கோலம் போடும் அம்மாவிடம் எந்தப் புள்ளியில் கை திரும்பும் என்று கேட்டால் மறுபடி போட்டுப் பார்த்துத்தானே சொல்வார்? இவரும் அப்படித்தான். மூன்றாவது முறை கேட்டதும் "இரு" என்று சொல்லி மறுபடி ஏறி, இறங்கி வந்து, "இடது முட்டி உள்பக்கம் சாய்கிறது" என்றார். ஆச்சரியப்பட்டது அவர்தான்.

எல்லோரிடமும் பேச்சை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு ஆடம் ஓன்ட்ராவைச் சொல்வேன். ஏறும்போது கத்துவதற்குப் பேர்போனவர். 2017 செப்டம்பரில் நார்வேயின் ஃப்ளாட்டாங்கர் குகையில் உலகின் முதல் 9சி-யை ஏறினார். உச்சியில் கயிற்றைக் கொளுவியபோது கத்தல் வரவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது. அந்த வழிக்கு மௌனம் என்று பொருள்படும் பெயரையே வைத்தார்.

—

கோத்தகிரிக்காரன்:

எனக்குத் தெரிந்த பெரிய க்ளைம்பர் யாருக்கும் தெரியாதவர். எங்கள் பக்கத்து ஆலு குறும்பர், அறுபதைத் தாண்டியவர். மலைத்தேனீ கூடு கட்டும் செங்குத்துப் பாறையில், காட்டுக்கொடியில் செய்த ஏணியில் இறங்கித் தேன் எடுத்தவர். கையில் புகைப்பந்தம், சுற்றிலும் ஈ. கிரேடு போட்டால் எவ்வளவு வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இப்படிப் பாறையேறித் தேன் எடுக்கும் ஏணிக்கு மால்பு என்று பழந்தமிழில் ஒரு சொல்லே உண்டு, அவ்வளவு பழைய வேலை.

நானும் முதலில் பயத்தைப் பற்றித்தான் கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு, மேலே கொடியைக் காவல் காப்பது யார் என்று பேச ஆரம்பித்தார். அது மச்சானாக இருக்க வேண்டுமாம். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. தன் அக்கா தங்கச்சி தாலியை அவன் அறுக்க மாட்டான் அல்லவா, அதனால் தூங்க மாட்டான், கோபத்திலும் கையை விட மாட்டான். தேனெடுக்கும் மற்ற மலைமக்களிடமும் இந்த வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்புறம் ஈக்களுக்குப் பாடும் பாட்டைப் பற்றிச் சொன்னார். பாறையைப் பற்றி அவர் பேசியது கடைசியில்தான், அதுவும் கொஞ்சம். கொடி உரசும் விளிம்பு எது என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

—

கருங்கல் பிரியன், பெங்களூரு:

கோத்தகிரி அண்ணா, இதைப் படித்த பிறகு நேற்று ராமநகராவில் கயிறு கட்டும்போது, எனக்கு பிலே கொடுக்கும் (கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும்) நண்பனை ஒரு நிமிடம் நிறுத்தி, இரவு தூங்கினாயா என்று கேட்டேன். மூன்று மணிக்குத்தான் படுத்தானாம். காலை முழுக்க அவனை ஏறவிட்டு நான் பிலே கொடுத்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த விளிம்பில் கொடி உரசாமல் இருக்கப் பெரியவர் என்ன வைப்பார்? தழையா, தோலா? மறுபடி பார்த்தால் கேட்டு எழுதுங்கள்.