கல்லீரல் புழுவுக்கு டிரைக்ளாபெண்டசோல் சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அக்காவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளையணு) எகிறியிருக்கிறது. ஸ்கேனில் கல்லீரலுக்குள் புழு ஊர்ந்துபோன தடம்போலக் கோடுகோடாகத் தெரிகிறது. ஃபாசியோலா தட்டைப்புழுவாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். நீரில் வளரும் கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டால் தொற்றுமாம். மலத்தில் முட்டை இல்லை. ஆனால் தொற்றிய முதல் 3, 4 மாதங்களில் முட்டையே வராது என்பதால் அதை நம்பி இருக்க முடியவில்லை. ஆன்டிபாடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம்.

மீன் வழியாக வரும் கல்லீரல் புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவாண்டெல் இதற்குச் சரியாக வேலை செய்யாது, டிரைக்ளாபெண்டசோல்தான் வேண்டும். கால்நடை மருந்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மனிதர்களுக்கான மாத்திரையை எப்படி வரவழைத்தீர்கள்? சாப்பிட்டபின் வயிற்றுவலி அதிகமானதா? அப்புறம், மறுபடி ஸ்கேன் எப்போது எடுத்தார்கள்?